கேன் ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது

1

இந்தக் கதை ஒரு மூத்திரக் கேனில் பிறந்தது. நாகரிகமான பிறப்பு வேண்டுமென்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், வருத்தப்பட மாட்டேன்.

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். "1996, பெங்களூரில் ஒரு மழைநாள்..." (பொய். சுள்ளென்று வெயில்.) "ஆதிகேசவனின் நெஞ்சு குதிரையைப் போல..." (குதிரையை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.) நேராகவே சொல்கிறேன். நான் கேத்தரின், பெங்களூர் காக்ஸ் டவுன். ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு ஒரு நாள் உண்டு, அதை எழுதுகிறேன். அடக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

2

ஆதிகேசவன், ஏழைத் தொழிலாளிகள் வாழும் மர்பி டவுன்காரர், பெயிண்டர், நாற்பது வயது. திடீரென்று தலைவலி மண்டையைப் பிளக்கும், வியர்வையில் சட்டை நனையும், நெஞ்சு படபடக்கும். பிரஷர் இருநூற்றுப் பத்துக்கு ஏறும். கால்மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கிவிடும். ஸ்கேனில், வலது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி.

அது ஹார்மோனைக் கொட்டும் கட்டியா என்று அறிய, ஒரு முழு நாளின் சிறுநீரைக் கேனில் பிடித்துச் சோதிக்க வேண்டும். சோதித்தேன். நார்மல் என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாளே, புற்றுநோயா என்று பார்க்கக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்க டாக்டர் வைத்தீஸ்வரன் ஏற்பாடு செய்தார்.

(அவரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அவர் நம்பியது என் கையெழுத்தை.)

3

கேனை ஒதுக்கி வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். நாங்கள் கொடுத்தனுப்பியபோது இல்லாத பளபளப்பு. வெளியே உட்கார்ந்திருந்த ஆதிகேசவனின் மனைவி வள்ளியம்மாவிடம் போனேன்.

"கேனைக் கழுவினீங்களாம்மா?"

"பின்னே? அடியில ஏதோ நாத்தம் புடிச்ச தண்ணி இருந்துச்சு மேடம். கொட்டிட்டு, சோப்பு போட்டுத் தேச்சு, வெயில்ல காய வெச்சுதான் அவருக்குப் புடிக்கக் குடுத்தேன். மர்பி டவுன்காரங்க அழுக்குன்னு இங்க ஒருத்தரும் சொல்லக் கூடாதுல்ல?"

அந்தத் தண்ணீர் நாங்களே ஊற்றி வைத்த ஆசிட். ஹார்மோன் கெட்டுப்போகாமல் காப்பது அதுதான். கொட்டக் கூடாது என்று கேன்மேல் இங்கிலீஷில் ஒட்டியிருந்தோம். தமிழில் வாயால் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஹார்மோன் கட்டியில் ஊசி பட்டால் பிரஷர் எகிறி, மேசையிலேயே உயிர் போகலாம்.

(நான் மாடிப்படியில் ஓடி ஊசியைத் தட்டிவிட்டதாக எழுதி, அடித்துவிட்டேன். போன் செய்தேன், அவ்வளவுதான்.)

"சார், ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னோடது. ஊசி வேணாம்."

"ஷ்யூரா, கேத்தரின்?"

"கேன் ரொம்ப சுத்தமா இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. விவரம் கேட்டார், ஊசியை நிறுத்தினார்.

4

மறுபடி பிடித்தோம். இந்த முறை ஹார்மோன் நார்மலைவிட ஐந்து மடங்கு. லேபில் தனியே நின்று கைதட்டினேன். ஒருவருடைய நோய்க்குக் கைதட்டலாமா? தட்டினேன். இரண்டு வாரம் மாத்திரையால் பிரஷரை அடக்கி, கட்டியை முழுசாக எடுத்தார்கள். ஆதிகேசவன் நடந்து வீட்டுக்குப் போனார்.

5

முடிவு? நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று பதாலஜியில் கேட்டேன். இந்த வகைக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது, வருடாவருடம் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"அவர் நூறு வயதுவரை..." (அடித்துவிட்டேன்.) "மூன்றாம் வருடம் மறுபடியும் தலைவலி..." (இதையும்.)

ரிப்போர்ட்டை வள்ளியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இந்த முறை தமிழில், ஒரு வரி விடாமல். நெற்றியைச் சுருக்கிக் கேட்டவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"வருஷா வருஷம் வரணும்னா, வருஷா வருஷம் இருப்பாருன்னுதானே மேடம் அர்த்தம்?"

ரிப்போர்ட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?