வெள்ளை நெற்றிக் கிடாரி

வீட்டின் இரண்டு மருமகள்களில் மூத்தவள்தான் கன்றுகளுக்குப் பால் புகட்டிவந்தாள். இளையவள் கல்யாணமாகி வந்ததும், "சின்னவ கைராசிக்காரி, இனிமே அவளே குடுக்கட்டும்" என்று மாமியார் பால்புட்டியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டார். மூத்தவள் சரியென்று தலையாட்டினாள். உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது.

கன்றுகளும் இளையவளின் காலடிச் சத்தம் கேட்டாலே கத்தத் தொடங்கின. நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாரிக்கன்று, மூத்தவள் எதிரே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு காலை, இளையவள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சுட வைக்காமலே புட்டியில் ஊற்றுவதை மூத்தவள் பார்த்தாள். சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. 'கைராசிக்காரிக்கு நான் என்ன சொல்ல' என்று துணி காயப்போடப் போய்விட்டாள். மறுநாளும் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கன்றுகளில் சின்னதான அந்தக் கிடாரிக்குக் கழிச்சல் கண்டது. வாலெல்லாம் நனைந்து, கண்கள் குழிவிழுந்து, எழ மாட்டாமல் கிடந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று மாமியார் இளையவளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதாள். மூத்தவளுக்கு முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. பிறகு குனிந்து கன்றின் காதைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

"அழுதது போதும், மாட்டு டாக்டருக்குப் போன் போடு," என்றபடி உலர்ந்த வைக்கோலை அள்ளி வந்தாள்.

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். உப்புக்கரைசல் பொட்டலங்களைக் கொடுத்தார். "பாலை நிறுத்திடாதீங்க. வெதுவெதுப்பா, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. நடுவுல இந்தக் கரைசல்."

அவர் போனதும் இளையவள் கேட்டாள்: "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"பாலைச் சுட வைக்கல."

"நீங்க பாத்தீங்களா?"

கதவோரம் மாமியார் நின்றிருந்தார். மூத்தவள் பொய் சொல்லியிருக்கலாம்.

"பாத்தேன். ரெண்டு நாளும் பாத்தேன். உம்மேல பொறாமை, அதான் சொல்லல."

இளையவள் கன்றின் மேல் சாக்கைப் போர்த்தினாள். அதன்பின் இருவரும் முறைபோட்டுக் கன்றைப் பார்த்துக்கொண்டார்கள், வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசாமல்.

கழிச்சல் நின்று, கிடாரி தள்ளாடி எழுந்தது. மூத்தவள் ஆசையாய்ப் புட்டியை நீட்டினாள். இரண்டு வாய் சப்பிவிட்டு, அது இளையவளின் முந்தானையைத் தேடிப் போனது. மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

"எங்கிட்டதான் குடிக்குது," என்றாள் இளையவள், இன்னும் முகம் பார்க்காமல். "ஆனா சூடு எனக்குச் சரியாத் தெரியல. நீங்க சூடு பாத்து எங்கிட்ட குடுங்க."

மூத்தவள் புட்டியை அவளிடம் கொடுத்தாள். எரிச்சல் தீரவில்லைதான். ஆனாலும் கன்று குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.