ரயில்வே கேட் மணி விசாரணை

யார்மேலும் சந்தேகப்படாமல் திருமூர்த்தி ஒரு நாளைக் கழித்தார் என்றால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். டீ தண்ணியாக இருந்தால் பால்காரர்மேல் சந்தேகம். கெட்டியாக இருந்தால் இந்தக் கடைக்காரர் எதற்கு நமக்கு ஐஸ் வைக்கிறார் என்று சந்தேகம். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தது போதாதென்று, ரயில்வே கேட் பாதுகாப்புக் குழுவின் தலைவராகவும் இருந்தார். குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். தலைவரைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

இந்த முறை அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் அவர் மனைவி மயிலாத்தாள் ஸ்கூட்டியில் தண்டவாளத்தைத் தாண்டப் போனபோது, எச்சரிக்கை மணி கேட்காமலேயே கேட் கம்பம் இறங்கி அவர் வலது தோளில் அடித்தது. எலும்பில் விரிசல். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மணி கேட்டிருந்தா நின்னிருக்க மாட்டனுங்களா?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மயிலாத்தாள் கேட்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை மறைத்துக்கொண்டு முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் நின்றது. மணிக்கும் விளக்குக்கும் பேரூராட்சியின் பொது நிதியிலிருந்து வருடா வருடம் பராமரிப்புப் பணம் வாங்கித் தந்த குழுத் தலைவருக்கு நன்றி சொல்லும் ஃப்ளெக்ஸ். அதில் திருமூர்த்தி கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்திருந்தவன் தரணீதரன். திருமூர்த்திக்குப் பங்காளி முறை. வரப்புத் தகராறில் ஆரம்பித்த பகை, தோட்டங்கள் கம்பெனிகளான பிறகும் தீரவில்லை. மணிக்கான பணத்தை அவன்தான் தின்றுவிட்டான் என்று திருமூர்த்திக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குச் சந்தேகமே இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

கேட் கீப்பர் மொக்கைச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவரைப் பிடித்து விசாரித்தார்.

"அடிக்கத்தான் செய்யுது அய்யா. என்னமோ ஜலதோசம் பிடிச்ச மாதிரி அமுங்கி வருது. நானும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்."

"உங்களுக்கும் பங்கு வருதுங்களா?"

"எனக்கு ரயிலுதான் வருது அய்யா" என்று சொல்லிவிட்டு மொக்கைச்சாமி போனை எடுக்க உள்ளே போனார்.

அந்தப் பதிலும் சந்தேகமாகத்தான் இருந்தது. திருமூர்த்தி பேரூராட்சிக்கு மனுக் கொடுத்தார். பராமரிப்பு நிதியை உடனே நிறுத்த வேண்டும். முழு விசாரணை வேண்டும். மயிலாத்தாள் தோளை உடைத்தவன் யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

பேரூராட்சியின் இளநிலைப் பொறியாளர் கீதாஞ்சலி மனுவைப் படித்துவிட்டு, "நிதிய நிறுத்தினா மணியும் விளக்கும் சேந்து நின்னுருமுங்க சார். மறுபடி வாங்கறது லேசில்லைங்க. மொதல்ல எல்லார் முன்னாலயும் மணியக் கழட்டிப் பாத்துரலாமுங்களா?" என்றார்.

அவர் கான்ட்ராக்டரைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று திருமூர்த்தி குறித்துக்கொண்டார், மனதில்தான்.

திங்கட்கிழமை காலை கேட்டடியில் கூட்டம் சேர்ந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றுவிட்டார்கள். அனுப்பர்பாளையத்துப் பாத்திர வண்டி ஒன்று ஓரங்கட்டி நின்றது. தம் கம்பெனி ஆட்களையும் திருமூர்த்தி வரச் சொல்லியிருந்தார். நியாயம் ஜெயிக்கும்போது கைதட்ட ஆள் வேண்டும். மேனேஜர் அபிராமி கூட்டத்தின் கடைசியில் நின்றாள்.

"ஏனுங்க பங்காளி, மாலை கீலை வாங்கியாரலீங்களா?" என்றான் தரணீதரன்.

"உனக்குப் போடத்தானுங்க, வந்துட்டே இருக்குது" என்றார் திருமூர்த்தி.

தரணீதரனின் ஆள் ஏணியில் ஏறினான். மணி என்று ஊர் சொன்னாலும் அது அகல வாய் வைத்த ஒலிக்குழல். அதற்குள் கையை விட்டவன், "உள்ள என்னமோ அடச்சிருக்குதுங்க" என்று இழுத்தான். துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து இறுகிய பனியன் வெட்டுத்துணி, ஒரு கூடை அளவுக்கு.

கூட்டம் "அட" என்றது. திருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. சதி! வெறும் அலட்சியமல்ல, சதி. இதைவிட நல்ல செய்தி அவர் கேட்டதில்லை.

"யாரும் தொடாதீங்க. இங்க குடுங்க" என்று ஒரு துண்டை வாங்கினார். திருப்பூர் வட்டாரத்தில் எந்தத் துணியையும் தடவிப் பார்த்தே அது பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவதாக அவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். கண்ணை மூடி, கட்டைவிரலால் தேய்த்தார்.

"சிங்கிள் ஜெர்சி. நூத்தியறுபது ஜிஎஸ்எம் கனம். பயோவாஷ் பண்ணினது." ஒரு மூலையை விரித்து வெயிலில் காட்டினார். "கடுகு மஞ்சள். இந்த ஷேடு சாதாரணத்துல ஒக்காராதுங்க. மூணு தடவ சாயம் வச்சு லேப் டிப் சாம்பிள் அனுப்பி, வெளிநாட்டு பையர் திருப்பித் திருப்பி அனுப்பி, இந்தச் சுத்துவட்டாரத்துல இத ஓட்டுனது ஒரே ஒரு கம்பெனிதா..."

அந்த "தா" அப்படியே தொங்கியது.

"சொல்லுங்க பங்காளி" என்றான் தரணீதரன். "எந்தக் கம்பெனிங்க?"

"சார், இது நம்ம ஆர்டர்தான சார்!" என்று கூட்டத்திலிருந்து டெய்லர் நதியா சந்தோஷமாகக் கத்தினாள். "காலர் வச்சது நான்தான் சார்!"

திருமூர்த்தி அபிராமியைத் தேடினார். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க வந்த ஆடிட். தையல் ஹாலில் சத்தத்தை மீட்டர் வைத்து அளப்பார்கள். அன்றைக்கு மட்டும் முதலுதவிப் பெட்டியில் மருந்து இருந்தது. அன்றைக்கு மட்டும் எல்லோர் காதிலும் பஞ்சு இருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே ரயில்வே மணி. "மீட்டர் எகிறீரும் கண்ணு. ஆடிட் முடியறவரைக்கும் அந்தச் சனியன் வாய அடச்சு வை" என்று அபிராமியிடம் சொன்னது யார் என்பதும் ஞாபகம் வந்தது. ஆடிட் முடிந்ததும் மருந்தையும் பஞ்சையும் எடுத்து வைத்தார்கள். மணியை மறந்துவிட்டார்கள்.

"வேஸ்ட் துணி யார் வேணாலும் வாங்கலாமுங்க" என்றார் திருமூர்த்தி. குரல் அவருக்கே ஜலதோஷம் பிடித்தது போல் கேட்டது.

"அதுஞ் செரிதானுங்க" என்றார் கீதாஞ்சலி. "முழு விசாரணை வேணும்னு எழுதியிருக்கீங்க. இந்தத் துணியில இருந்தே ஆரம்பிச்சுரலாமுங்களா?"

திருமூர்த்திக்கு மூளை சூடானது. சூடானபோதுதான் அது நன்றாக வேலை செய்யும். தரணீதரன் பக்கம் திரும்பினார்.

"மாசா மாசம் வந்து பாத்ததாப் பில்லுப் போட்டிருக்கியே பங்காளி. ஒரே ஒருக்கா ஏணி வச்சு ஏறியிருந்தா இந்தத் துணி கண்ணுல பட்டிருக்குமே?"

தரணீதரனின் சிரிப்பு மறைந்தது. மறைந்த வேகத்தில் அவன் கீதாஞ்சலியைப் பார்த்தான். மாதாமாதம் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் கீதாஞ்சலி. அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். தண்டவாளத்தில் அப்போது ரயில் எதுவும் வரவில்லை.

மூவரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். ஊர் நலனில் அவர்களுக்குள் இப்படி ஓர் ஒற்றுமை இதற்கு முன் ஏற்பட்டதில்லை.

"பொதுமக்கள் பாதுகாப்பக் கருதி மனுவ வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றார் திருமூர்த்தி. "நிதி தொடரட்டுமுங்க."

"பெருந்தன்மைங்க" என்றார் கீதாஞ்சலி.

மொக்கைச்சாமி பொத்தானை அழுத்தினார். மணி ஊரைக் கிழித்துக்கொண்டு அடித்தது. நாய்கள் ஓடின. நதியா கைதட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அபிராமியை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்று திருமூர்த்தி யோசித்தார். அனுப்பினால் வெளியே போய்ச் சொல்லுவாள். வைத்துக்கொண்டால் உள்ளே இருந்துகொண்டே சொல்லுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஏற்கெனவே சொல்லியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தது.

மயிலாத்தாள் சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"விசாரிச்சுட்டிருக்கறாங்க."

"மனுவ நீங்களே வாபஸ் வாங்கிட்டீங்கன்னாங்க?"

"யாரு சொன்னது? அபிராமிங்களா?" மனைவியிடமே மரியாதையாக 'ங்க' போட்டுப் பேசியதை அவரே கவனிக்கவில்லை.

மயிலாத்தாள் கட்டுப்போட்ட கையை லேசாக அசைத்துக் காட்டி, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பெசஞ்சு ஊட்டுங்க. எடது கையில திங்கறதுக்கு வரமாட்டேங்குது."

குழுத் தலைவர் கை கழுவிவிட்டு வந்து ரசஞ்சாதம் பிசைந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினார். மயிலாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று தின்றார்.