எண்ணெய்த் துளை

காலையிலிருந்து மூன்று தடவை கழுவியாயிற்று. இருந்தும் சலாவுதீனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

தகரக் கொட்டகையின் நடுவே, இரண்டு பனங்கட்டைகளின் மேல் கிடந்தது எஞ்சின் பிளாக். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாயிற்று. ஷாஃப்டுக்கு எண்ணெய் ஓடுகிற சின்னத் துளைக்குள் கம்பியில் துணி சுற்றி இழுத்தாயிற்று. சைக்கிள் பம்பால் காற்றும் அடித்தாயிற்று. கடைசியில் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியால் துடைத்தான். துணி வெளுப்பாகவே திரும்பி வந்தால் சுத்தம் என்று கணக்கு. வெளுப்பாகத்தான் வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பிடித்துப் பார்த்தான். மறுபடி பிரஷ்ஷை எடுத்தான்.

"ஏன் வே பாய், இன்னும் எத்தன வாட்டி குளிப்பாட்டுவீரு? எங்க வீட்டு மாப்பிளைக்குக் கூட இம்புட்டு எண்ண தேய்க்கலயே" என்றார் வேல்சாமி. கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற அந்த எஞ்சின் அவருடையது. காலையிலேயே மனைவி மாரித்தாயுடன் மாட்டு வண்டியில் பிளாக்கை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"குளிப்பாட்டுத வேல என் வேல அண்ணாச்சி. நீரு அங்கன உக்காரும்."

"உக்காந்துதான இருக்கேன். அங்க மொளகா கருகுது. நாளைக்குத் தண்ணி ஏறலைன்னா செடியப் புடுங்கி அடுப்புல வைக்க வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "போன தடவ மாதிரி ஆக்கிராதயும்."

அந்தப் போன தடவைதான் சலாவுதீனை உட்காரவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே எஞ்சினை மேலநீலிதநல்லூர் பக்கம் வேல்சாமியின் கிணற்றடிக்கே போய்ப் பிரித்து மாட்டிக் கொடுத்தான். எட்டாம் நாள் இறுகி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் பேரிங் முழுக்கக் கீறல், எண்ணெயில் மண். உள்ளே மண் இருந்தால் கழுவினவன் குற்றம். அதற்குமேல் பேச முடியாது. எதிரே ஆறுமுகச்சாமி டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது வேல்சாமி சொன்னார்: "எஞ்சின் கழுவத் தெரியாதவன்லாம் ஸ்பேனர் புடிக்க வந்துட்டான்."

அந்தச் சொல் சங்கரன்கோவில் முழுக்கச் சுற்றியது. ராயகிரிக்காரர் ஒருவர் கடை வாசல் வரை வந்து, வண்டியைத் திருப்பிப் புளியங்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். இந்த எஞ்சினும் நின்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் சொந்த ஊரான கடையநல்லூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதைவிட மோசம், அவனுக்கே அவன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்று துணி வெளுப்பாக வந்ததா? வந்தது. பார்த்தேனா? பார்த்தேன். அப்புறம் மண் எங்கிருந்து வந்தது? சோற்றில் கைவைக்கும்போதும் இதே கேள்விதான்.

"எஞ்சின் ஆயில் வாங்கியாறேன். வந்ததும் மாட்டிருவோம்" என்று வேல்சாமி எழுந்து போனார். சலாவுதீன் பிளாக்கைச் சுத்தமான சாக்கால் மூடிவிட்டு, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தான். கோயிலுக்குப் போயிருந்த மாரித்தாய் அப்போதுதான் வந்து வண்டி நிழலில் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தவன் ஷாஃப்டைத் தூக்கினான். கீழே வைத்தான். எதற்கும் ஒரு தடவை என்று கம்பியில் துணியைச் சுற்றித் துளைக்குள் விட்டு இழுத்தான்.

துணியில் பழுப்பாக மண்.

சலாவுதீன் அதை உருவி வைத்தான். இன்னொரு துணி. அதிலும் மண். விரலால் தேய்த்துப் பார்த்தான். ரோட்டு மண் இல்லை. சலித்தெடுத்த மாவு மாதிரி நைசாக இருந்தது.

"தங்கச்சி! இங்கன யாரும் வந்தாகளா?"

"யாரும் வரலயே அண்ணே" என்று மாரித்தாய் எழுந்து வந்தாள். துணியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா? கோயில்ல பிரசாதமாக் குடுக்குத புத்துமண்ணு. நான்தான் போட்டேன்."

"எதுல போட்ட?"

"இந்தா, இந்தத் துளையிலதான். வாயி மாதிரி இருந்துச்சு. சீக்காளிக்கு வாயிலதான போடுவோம்?"

சலாவுதீன் குனிந்து துளையைப் பார்த்தான். அவளே தொடர்ந்தாள். "போன தடவயும் போட்டேன் அண்ணே. நீங்க சாப்பிடப் போயிருந்திய. சிட்டிகைதான் போட்டேன், அதான் எட்டு நாளோட நின்னு போச்சு. இந்தத் தடவ ரெண்டு பொட்டலம் வாங்கியாந்து முழுசாப் போட்டுட்டேன்."

அவன் பனங்கட்டையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மாதமாக அவன் தின்ற சோற்றில் எல்லாம் இந்தச் சிட்டிகைதான் கிடந்திருக்கிறது.

"தங்கச்சி, மனுசனுக்கு மருந்துதான். இரும்புக்குள்ள போனா அரம் மாதிரி அராவிரும். எஞ்சின் நின்னதே அதனாலதான்."

மாரித்தாயின் முகம் இருண்டது. "அய்யோ, அவுகளுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுபோடுவாகளே."

சலாவுதீன் எழுந்தான். மண் ஒட்டிய துணிகளை அழுக்குத் தகரத்தில் போடாமல் மடித்து அவள் கையில் கொடுத்தான். "கால்படாத எடத்துல தட்டிரு." பிறகு மண்ணெண்ணெயை ஊற்றினான்.

ஆயில் டின்னோடு வந்த வேல்சாமி வாசலிலேயே நின்றார். "இன்னுமா? வே, உமக்குக் கிறுக்கா?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். ஆனால் ராயகிரி வண்டி திரும்பிப் போனது கண்ணில் நின்றது. சொல்லிவிட்டான். துளை, சிட்டிகை, எட்டு நாள், எல்லாவற்றையும். "சாப்பிட்டு வந்து மறுபடி பாக்காம மாட்டுனது என் தப்புதான். அத ஒத்துக்கிடுதேன். மண்ணு என்னுது இல்ல."

வேல்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஓரடி பின்னால் போனாள். "ஏட்டி" என்று வாயெடுத்தவர், எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அவர் கை இடுப்பு மடிக்குப் போய் அங்கேயே நின்றது.

"என்ன அண்ணாச்சி மடில?"

வேல்சாமி மெதுவாக ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதுவும் கோயில் தாளில் மடித்த புத்துமண். "நாளைக்கு ஸ்டார்ட் பண்ணுதப்போ ஆயில்ல கலக்கலாம்னு நெனச்சேன்."

மாரித்தாய்க்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"வெளிய பூசும், எம்புட்டு வேணாலும் பூசும். உள்ள போவக் கூடாது" என்றான் சலாவுதீன்.

ஒருமணி நேரம் தேய்த்தார்கள், மூன்று பேருமாக. மாரித்தாய் சைக்கிள் பம்பால் காற்று அடித்தாள். கடைசித் துணியைச் சலாவுதீன் இழுக்கவில்லை. கம்பியை வேல்சாமியிடம் கொடுத்தான். அவர் இழுத்தார். வெளுப்பாக வந்தது.

"அண்ணாச்சி, அந்தத் துணியக் கையோட எடுத்துட்டுப் போயி ஆறுமுகச்சாமி கடையில காட்டிட்டு வாரும். என்ன சொல்லணும்னு உமக்கே தெரியும்."

"இப்பமேவா? எஞ்சின் ஓடட்டும், சொல்லுதேன்."

"இப்பம். வந்த பொறவுதான் ஷாஃப்ட்டு ஏறும்."

வேல்சாமி ரோட்டைத் தாண்டினார். அவர் கை உயர்வதும், வெள்ளைத் துணி ஆடுவதும் தெரிந்தது. பேச்சு இங்கே கேட்கவில்லை. சலாவுதீன் ஷாஃப்டில் கைவைத்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், அவன் இன்னொரு துணியைக் கம்பியில் சுற்ற ஆரம்பித்தான்.