அட்டைப்பெட்டிக்கும் தீர்த்தம்

மாமியாரும் சாமியாரும் வந்து சேர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. லின்சி படுக்கையறை மூலையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே மிக்ஸி வந்த பெட்டி, அதன்மேல் ஃபேன் வந்த பெட்டி. உயரம் போதவில்லை. கேரம் போர்டைக் கொண்டுவந்து சுவரோடு சாய்த்து நிறுத்தி, மொத்தத்தையும் பூப்போட்ட வெள்ளைப் போர்வையால் மூடினாள். தள்ளி நின்று பார்த்தால் டிரெஸ்ஸிங் டேபிள் மாதிரிதான் இருந்தது. ரொம்பத் தள்ளி நின்று பார்த்தால்.

“எதுக்கு மூடி வச்சிருக்கன்னு அம்மா கேட்டா?” என்றான் பிரவீன்ராஜ்.

“தூசின்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லு. எனக்குப் பொய் வராது.”

“நாலு மாசமா போன்ல, ‘லின்சி தினமும் அதுலதாம்மா தலை சீவுறா’ன்னு சொன்னது யாரு?”

“அது பொய் இல்ல. சமாதானம்.”

உண்மையான டிரெஸ்ஸிங் டேபிள் இந்த வீட்டில் இரண்டு மாதம்தான் இருந்தது. லின்சிக்கு ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்து, பாலக்கரை மாமியார் வீட்டை விட்டு மேலூர் ரோட்டு மாடி வீட்டுக்கு இருவரும் வந்தபோது அத்தை அக்னஸ் சொன்னது மூன்று வார்த்தை: “போறவங்க போயிட்டு வாங்க.” மறுவாரம் அந்த டேபிளை அனுப்பிவைத்தாள். ஆளுயரக் கண்ணாடி, தங்க நிற விளிம்பு, ஆறு இழுப்பறை. அதை வைத்த பிறகு படுக்கையறைக் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வந்தார்கள். ஒரு நாள் பிரவீன்ராஜின் முழங்கை இடித்து ஒரு கைப்பிடி கழன்று விழுந்ததும், லின்சி குட்டியானை வண்டி ஒன்றைக் கூப்பிட்டு டேபிளை ஏற்றித் திருவானைக்காவலில் இருக்கும் கியாசுதீன் பாயின் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். அத்தையிடம் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரங்கள் வந்துகொண்டே இருந்தன.

பாய் கடையின் தகரக் கொட்டகைக்குள் அவள் அரை நாள் சுற்றினாள். இடித்த வீடுகளின் ஜன்னல்கள், மூடிய தியேட்டர்களின் நாற்காலிகள், யாரோ தாலி கட்டியபோது உட்கார்ந்த சோபா. டேபிளுக்குப் பதிலாக அவள் எடுத்துவந்தவை இவை: ஒட்டியபடி இருந்த இரண்டு தியேட்டர் சீட்டு, ஒரு தையல் மிஷினின் இரும்புக் கால், மேலே போட ஒரு கடப்பாக்கல், பொடிப்பொடியாகச் சதுர ஓட்டை போட்ட தேக்குக் கதவு ஒன்று. இரும்புக் காலும் கல்லும் சேர்ந்து சாப்பாட்டு மேஜை ஆயின. சாப்பிடும்போது மிதியை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவது பிரவீன்ராஜுக்குப் பழக்கமாகிவிட்டது. சல்லடைக் கதவைச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் தடுப்பாக நிறுத்தினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளால் தேய்த்துக் கிளிப்பச்சை அடித்தாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, மரம் கறுத்து வழுவழுவென்று இருந்தது. எத்தனை தரம் அடித்தாலும் அங்கே பெயிண்ட் பிடிக்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். சல்லடையில் கம்பிக் கொக்கிகள் மாட்டிக் கரண்டிகளையும் பூண்டுப் பையையும் தொங்கவிட்டாள்.

இந்த வீட்டில் அவள் கை படாத சாமான் கிடையாது. பாலக்கரை வீட்டில் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால்கூட மாலைக்குள் அது பழைய இடத்துக்குப் போய்விடும். அதனால் அத்தை இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது லின்சிக்கு. ஆறு மாதமாக வராதவள் இன்று வீடு மந்திரிக்கவென்று தன் பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். தான் கொடுத்ததைக் காயலான் கடையில் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்தால் இனி இந்தப் படி ஏறமாட்டாள். மந்திரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு அறையையும் விடமுடியாது. எல்லா மூலைக்கும் தீர்த்தம் தெளித்தாக வேண்டும்.

அக்னஸ் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். தியேட்டர் சீட்டில் சற்று அதிக நேரம் பார்வை நின்றது. உட்காரச் சொன்னதற்கு, “இருக்கட்டும்மா” என்றாள். தன் பெண்களை ‘டி’ போட்டுத்தான் கூப்பிடுவாள். லின்சியை எப்போதும் ‘அம்மா’தான். அந்த அம்மாவில் ஒரு முழம் தூரம் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் சாமியார் கூச்சப்படாமல் உட்கார்ந்தார். காப்பி குடித்து எழுந்ததும் சீட்டு பின்னால் படாரென்று மடங்கியது.

“என்னப்பா, இடைவேளை விட்டாச்சா?” என்றார்.

ஜெபம் தொடங்கியது. படுக்கையறையில் அவர் சிக்கனமில்லாமல் தெளித்தார். மூடி வைத்த மூலைக்கு இன்னும் இரண்டு கை கூடுதலாக விழுந்தது. அக்னஸ் கைகூப்பி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் கேட்காமலே பிரவீன்ராஜ், “தூசிம்மா” என்றான். லின்சிக்கு அவனைக் கிள்ள வேண்டும் போலிருந்தது.

சமையலறை வாசலுக்கு வந்ததும் சாமியார் நின்றுவிட்டார். தீர்த்தச் செம்பைப் பிரவீன்ராஜிடம் கொடுத்துவிட்டுச் சல்லடைக் கதவை விரலால் தடவினார்.

“இது எங்கம்மா கிடைச்சுது?”

“பழைய சாமான் கடையில ஃபாதர். ஏதோ பழைய வீட்டு ஜன்னல்னு நினைச்சேன்.”

“ஜன்னலா? இது நம்ம கோயில் பாவசங்கீர்த்தனத் தொட்டி. தரை மாத்தினப்ப பழைய மரத்தையெல்லாம் கடைக்குப் போட்டோம். நான் உதவிச் சாமியாரா இருந்தப்ப ஆறு வருஷம் இதுக்குப் பின்னாடி உக்காந்து ஜனங்க சொல்ற பாவத்துக்கெல்லாம் காது கொடுத்திருக்கேன்.”

லின்சியின் ஊர்க் கோயிலில் திறந்த இடத்தில் நாற்காலி போட்டுத்தான் சாமியார் உட்காருவார். இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. அவசர அவசரமாகப் பூண்டுப் பையைக் கழற்றப் போனாள்.

“விடும்மா, விடும்மா. இதுல இத்தன நாளா வந்ததெல்லாம் பூண்டைவிட நாத்தம்” என்று சாமியார் சிரித்தார். பிறகு ஒரு கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அவரைக் கொண்டுபோய் விட பிரவீன்ராஜ் பைக் சாவியோடு, கொஞ்சம் அதிக உற்சாகமாகவே, இறங்கி ஓடினான்.

வீட்டில் இருவர் மிஞ்சினார்கள். லின்சி அப்பளம் பொரிக்க அடுப்பில் எண்ணெய் வைத்தாள். முட்டி மடங்காத அக்னஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சல்லடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“இந்தக் கறுப்பு என்னன்னு தெரியுமா?” என்றாள். “நெத்தி. முட்டி போட்டு நெத்திய முட்டுக்கொடுத்தா அங்கதான் படும். எங்கப்பா தலைக்கு வச்ச எண்ணெயெல்லாம் இதுலதான் இருக்கும். என்னுதும் இருக்கும். எங்க பெயிண்ட் பிடிக்கப் போவுது.”

ஓட்டைகள் வழியே லின்சிக்கு அத்தையின் முகம் தெரியவில்லை. கொஞ்சம் நரை, ஒரு தோடு, அவ்வளவுதான். முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

“அத்தை.”

“ம்.”

“ரூம்ல மூடி வச்சிருக்கறது…”

“அட்டைப்பெட்டி.”

எண்ணெய் சடசடத்தது.

“தீர்த்தம் பட்டதும் போர்வை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. மிக்ஸி கம்பெனி பேரு பளிச்சுனு தெரிஞ்சுது. அட்டைப்பெட்டிக்கும் மந்திரிக்க வச்சிட்டியேம்மா.”

லின்சி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, நண்டு நடை, குட்டியானை, பாய் கடை, சொல்ல வாய் வராமல் போன வாரங்கள். ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்ததும், அத்தை எழுந்து போய்விட்டாளோ என்று குனிந்து பார்த்தாள். தோடு அங்கேயேதான் இருந்தது.

“நான் ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது” என்றாள் அக்னஸ். “இங்க அனுப்பறதுக்கு முந்தி அது நாலு நாள் என் ரூம்ல இருந்துச்சு. மத்தியானம் உங்க மாமா தூங்கினதும் பிளாஸ்டிக்க உரிச்சுட்டு முன்னாடி நின்னேன். எங்க வீட்ல எப்பவும் கழுத்து வரைக்கும் தெரியற கண்ணாடிதானே. அறுபத்திரண்டு வயசுல அன்னிக்குத்தான் சேலையில நான் எப்படி இருக்கேன்னு கால் வரைக்கும் பார்த்தேன்.”

“எப்படி இருந்தீங்க?”

“மோசமில்ல. நாலு நாளும் நாலு சேலை.”

லின்சி சிரித்துவிட்டாள். அந்தப் பக்கமும் ஸ்டூல் குலுங்கியது.

“அப்ப நீங்களே வச்சிருக்கலாமே அத்தை?”

“எனக்குன்னு கேட்டா, இந்த வயசுல எதுக்கும்பாங்க. மருமகளுக்குன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. வாங்கியாச்சு. வாங்கினப்புறம் அனுப்பாம இருக்க வெக்கமா இருந்துச்சு.”

“சரி, எனக்கு என்ன அபராதம்?” என்றாள் லின்சி, ஒரு அப்பளத்தை எண்ணெயில் போட்டபடி.

“மொதல்ல அப்பளத்தத் திருப்பு, கருகுது. அப்புறம் அந்தப் பாய்க்குப் போன் போடு.”

கியாசுதீன் பாய் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். “அதாம்மா? இங்கதான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் நின்னு தலை சீவிட்டுப் போறாங்க. ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க.”

அக்னஸ் தியேட்டர் சீட்டில் உட்கார்ந்து, தையல் மிதியை ஆட்டிக்கொண்டே, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. கருகிய அப்பளத்தையும் விடவில்லை. சாப்பிட்டதும் லின்சியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தான் புதிதாக வாங்கியதையே பாய் கடையில் அவள் பேரம் பேசினாள். வாங்கியபோதுகூட அப்படிப் பேசியிருக்கமாட்டாள்.

“ஓரத்துல கீறல் இருக்கே பாய்? ஒரு கைப்பிடியும் இல்ல.”

“கீறல் உங்க மருமக இறக்கறப்ப விழுந்ததும்மா. கைப்பிடி உங்க மகன் கணக்கு. என்மேல ஏன் எழுதறீங்க?”

“நீங்க பார்த்து இறக்கியிருக்கணும்ல?”

பாய் கையெடுத்துக் கும்பிட்டுக் குறைத்துக்கொண்டார். பாலக்கரைக்குப் போகும் குட்டியானையில் கண்ணாடி பின்புறம் பார்க்க டேபிளை நிறுத்திக் கயிறு போட்டார்கள். பாய் ஒரு சாக்கை எடுத்துக் கண்ணாடியை மூடப் போனார்.

“மூடாதீங்க” என்றாள் அக்னஸ். “இன்னிக்கு மூடினது போதும்.”

காவிரிப் பாலத்தில் எப்போதும்போல நெரிசல். குட்டியானை ஊர்ந்தது, ஸ்கூட்டர் அதன் பின்னால் ஊர்ந்தது. கண்ணாடிக்குள் வானம் பெரிதாக இருந்தது. கீழே சின்னதாக ராஜகோபுரம், அதற்கும் கீழே வரிசையாகப் பஸ்கள், ஒரு கரும்புச்சாறு வண்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள். லின்சியின் தோளிலிருந்த கை எடுபட்டது. கண்ணாடியில் பின்னால் இருந்தவள் காற்றில் கலைந்த நரையை ஒதுக்கினாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். முன்னே வழி விட்டது, குட்டியானை நகர்ந்தது, கண்ணாடியில் இருவரும் சிறுத்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போடி” என்றாள் அக்னஸ்.