வீரமும் பூரமும்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர். 1936ஆம் வருஷம் அங்கிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டாக்டர் ஜானகியம்மாள், முதல் வாரமே மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டார். மயில்துத்தம், படிகாரம், பேதியுப்பு என்று கம்பவுண்டர் அப்புசாமி தன் கையால் எழுதி ஒட்டியவை அவை.

“ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் பேருக்கு என்னங்க கொறைச்சல்?”

“மயில்துத்தத்தில் மயிலா இருக்கிறது? காப்பர் சல்பேட் என்றால் உள்ளே தாமிரம் இருப்பது தெரியும். பெயர் பொருளைச் சொல்ல வேண்டும், அப்புசாமி.”

நியாயமாகத்தான் பட்டது அப்புசாமிக்கு. புதிய சீட்டுகளை அவரே ஒட்டினார். பூரம் என்ற பேதி மருந்து மெர்குரஸ் குளோரைடு ஆயிற்று. புண் கழுவும் நீரில் துளி கலக்கிற கொடிய நஞ்சான வீரம், மெர்குரிக் குளோரைடு ஆயிற்று. இரண்டும் வெள்ளைத் தூள்.

ஒரு காலை கருப்பண்ணன் என்ற குடியானவர் வந்தார். மகளுக்கு வயிற்றில் பூச்சி. டாக்டர் மெர்குரஸ் குளோரைடு என்று சீட்டு எழுத, அப்புசாமி நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கூட்டம் கலைந்ததும் தராசின் பித்தளைத் தட்டை ஈரத்துணியால் துடைத்தார். தட்டு வெள்ளிபோல வெளுத்தது.

பூரம் நீரில் கரையாது. ஈரத்தில் கரைந்து பித்தளையை அப்படி வெளுக்கவைப்பது வீரம்தான்.

டாக்டரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். கருப்பண்ணன் வீட்டு வாசலில் அவர் மனைவி ஆத்தாயி குழந்தையை மடியில் கிடத்தி, தேனில் மருந்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, குடுத்துராதீங்க! பொட்டணம் மாறிப்போச்சுங்க!”

கிண்ணத்தைப் பிடுங்கினார். “வாயில ஒரு துளிகூட படலீங்களே?”

“இல்லீங்க சாமி, இப்பத்தானுங்க கொழைச்சேன்.”

அப்புசாமி மீதிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார்.

“சீட்டைச் சரியாப் படிக்காம எடுத்தது என்ற கைதானுங்க. ஆனா வீரம்னு எழுதியிருந்தா, அந்தப் பக்கமே கை போயிருக்காதுங்க.”

ஜானகியம்மாள் கேட்டார்: “நாட்டுப் பெயர் மட்டும் போதுமா? கடையில் ரசகற்பூரம் என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள்?”

“ஒரு கடையில பூரத்தக் குடுப்பாங்க. இன்னொரு கடையில வீரத்தக் குடுப்பாங்க. எங்க சின்னம்மா அப்படி வாங்கித் தின்னுதானுங்க செத்தாங்க.”

பிறகு டாக்டர் சிவப்பு மையில் மெர்குரிக் குளோரைடு என்று எழுதிச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அதன் கீழே அப்புசாமி வீரம் என்று எழுதினார். மற்ற புட்டிகளுக்கும் அப்படியே எழுதச் சொன்னார் டாக்டர்.

மறுநாள் முதல் அப்புசாமி ஒவ்வொரு புட்டியையும் எடுக்கும்போது இரண்டு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். கம்பவுண்டர் மந்திரித்துத்தான் மருந்து கொடுக்கிறார் என்று ஊரில் பேச்சு. அவர் மறுக்கவில்லை.