கமலக்கண்ணன் வாயில் வந்த சீனம்

ஆரணி சேவூர் சாலையில் பட்டுத்தறி வைத்திருந்த கமலக்கண்ணன், சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் பல் துலக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவன் வாயில் தமிழ் இல்லை. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய சீனம் இருந்தது. அவன் மனைவி கீதா, சீனத்து மெஷின்காரர்கள் அனுப்பும் செய்திகளைத் தறிக்காரர்களுக்குப் படித்துச் சொல்வதற்காக அந்த மொழியைக் கற்றவள். அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி.

"தெரிலக்கா. நான் படிச்சது இப்ப பேசறது. இவரு பழைய ஏட்டுல இருக்கறத பேசிகினு கீறாரு."

வேலூர் டாக்டர் படமெடுத்துப் பார்த்து, மூளையில் குறையில்லை என்றார். மாதத்துக்குப் பத்து வருடம் என்று அவன் மொழி தானாக முன்னே நகர்ந்தது. வைகாசியில் சமுதாயம், பொருளாதாரம் போன்றவற்றுக்கு ஜப்பான் வழியாகச் சீனத்துக்கு வந்த சொற்கள் சேர்ந்தன. பேசுகிறபடியே நோட்டில் எழுதவும் தொடங்கினான். வாயில் அவன், அவள் என்ற பிரிவில்லாமல் எல்லாரும் 'தா'. நோட்டிலும் எல்லாருக்கும் ஒரே எழுத்து, இடப்பக்கம் மனிதன் என்ற குறியோடு. கீதாவும் அதுதான், பால்காரர் பச்சையப்பனும் அதுதான்.

ஐரோப்பியக் கதைகளை மொழிபெயர்க்க உட்கார்ந்த சீனர்கள், 'அவள்' என்பதற்குத் தனி எழுத்தில்லாமல் திண்டாடி ஒன்றை உண்டாக்கிய காலத்துக்கு ஆனியில் வந்து சேர்ந்தான். ஒரு காலை நோட்டில் அந்தப் புது எழுத்து இருந்தது. கீதா அதைப் பார்த்து அழுதாள். பிறகு உற்றுப் பார்த்தாள்.

"பொம்பளன்ற குறிய வெக்கறதுக்கு மனுஷன்ற குறிய எடுத்துட்டாரு அத்தே."

"உன்ன எழுதனானில்ல, அத்தோட வுடு," என்றாள் மாமியார் கிருஷ்ணம்மாள்.

கீதா விடவில்லை. தினமும் அவன் காதோரம் உட்கார்ந்து பெயர், ஊர், பிள்ளைகள் என்று தமிழில் சொன்னாள். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். நோட்டில் மேலிருந்து கீழே இறங்கிய வரிகள் இடமிருந்து வலமாகப் படுத்துக்கொண்டன. சீன அரசு எழுத்துகளைச் சுருக்கிய காலம் ஐப்பசியில் வந்தது; எழுத்துகளிலிருந்து கோடுகள் உதிர்ந்து தரையெல்லாம் கிடக்க, கிருஷ்ணம்மாள் காலையும் மாலையும் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

பங்குனியில் மொழி இன்றைய தேதிக்கு வந்து நின்றது. அதற்குமேல் போக இடமில்லை, இனித் தமிழுக்குத் திரும்புவான் என்று வீடே காத்திருந்தது. திரும்பவில்லை. கீதாவும் அவனும் உப்பு போதுமா, கரண்ட் வந்ததா என்று சீனத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது அவன் காத்தாயியின் போனுக்குச் செய்தி அனுப்பினான். சீனமேதான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். திரும்பி வந்த கீதாவிடம் காத்தாயி வாசலிலேயே அதைக் காட்டினாள். 'தா எங்கே?' என்று கேட்டிருப்பதாகக் கீதா படித்துச் சொன்னாள். அந்த எழுத்தில் மனிதக் குறியும் இல்லை, பெண் குறியும் இல்லை.

"யாரத் தேடறாரு?"



"என்னத்தான்க்கா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.