ஈப்பச்சனின் மடக்குச் சாவி

ஒரு மனிதனின் பெருமையை அவன் கையிலிருக்கும் சாவிக்கொத்தின் கனத்தை வைத்துத்தான் உலகம் என்றைக்கும் அளந்து வந்திருக்கிறது. அரண்மனைக் காவலருக்கும் அது பொருந்தும், சொர்க்க வாசலில் நிற்கும் புனித பேதுருவுக்கும் பொருந்தும். இது என் கணவர் ஈப்பச்சனின் கொள்கை. பேதுருவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் தன் கொத்தை ஒரு பழைய காரின் இக்னிஷனில் தொங்கவிட வேண்டியதில்லை.

எங்கள் கார் சின்னது. ரப்பர் விலை ஏறியபோது வாங்கியது, இறங்கியபோது விற்க மானம் இடம் கொடுக்கவில்லை. அதோடு வந்த சாவி மெலிந்த ஒரு தகடு. டீக்கடை மேசையில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இச்சாயன் (அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பாலா டவுனில் ஒரு கடைக்குப் போய், அந்தத் தகட்டை நறுக்கி, சோப்புக்கட்டி அளவுள்ள மடக்குச் சாவிக் கூட்டில் பொருத்திக்கொண்டு வந்தார். பொத்தானை அமுக்கினால் தகடு பேனாக்கத்தி மாதிரி வெளியே குதிக்கும். பெரிய கார்க்காரர்கள் வைத்திருப்பது அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். அன்றிலிருந்து எங்கே போனாலும் காரைவிட்டு இறங்கி முன்னால் நடப்பார். திரும்பிப் பார்க்காமல் சாவியைத் தோளுக்கு மேல் தூக்கி அமுக்குவார். 'கீக் கீக்' என்று கேட்கும். நான் எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த வளையத்தில் வீட்டுச் சாவி, கேட்டுச் சாவி, ரப்பர் ஷீட் உணக்கும் புகைப்புரைச் சாவி, மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பிய பித்தளை ஒட்டகம் எல்லாம் சேர்ந்தன. போன வருடம் எங்கள் கோயில் பங்கில் இவரைக் கைக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். கோயில் சொத்துக்குப் பொறுப்பாளர் இரண்டு பேர், அதில் இவர் ஒருவர். பொன்குரிசு என்கிற தங்கச் சிலுவை இருக்கும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. இன்னொரு கைக்காரரான வக்கச்சன் தன் சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். இச்சாயன் தன்னுடையதைக் கார் வளையத்தில் கோத்தார். கோத்துவிட்டு வளையத்தின் வாயை வெல்டிங் வைத்தும் மூடிவிட்டார்.

"இனி ஒருத்தனும் கழட்ட முடியாதுடி" என்றார்.

அந்த ஒருத்தனில் தானும் சேர்த்தி என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அத்தனை கனமும் ஓட்டும்போது ஒவ்வொரு குழிக்கும் ஆடி, இக்னிஷனை உள்ளே ராவிக்கொண்டே இருந்தது. சாவி முதலில் லூசாக ஆடியது. அப்புறம் திரும்ப மறுத்தது. தலை தடியாக இருந்ததால் பிடித்துத் திருக வசதி, இவரும் இரட்டைப் பலத்தோடு திருகினார்.

"அந்த ஒட்டகத்தையாவது எறக்கி விடுங்க இச்சாயா. அது பாலைவனத்துல நடக்கட்டும்."

"உனக்கு வண்டியப் பத்தி என்னடி தெரியும்?"

தெரியாதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமானதிலிருந்து எனக்கு நன்றாக வரும் ஒரே வேலை அது.

கோயில் பெருநாள் வந்தது. சாயங்காலம் பொன்குரிசு முன்னால் போக, ஆற்றங்கரைக் குரிசடி வரை பவனி. எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் போய்விடலாம். கைக்காரர் நடக்கலாமா? காரில் போனோம். முத்துக்குடைக்காரர்கள் விலகி வழிவிட, முற்றத்தின் நடுவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சாவியை இழுத்தார். வரவில்லை.

மறுபடி இழுத்தார். திருகினார். ஸ்டியரிங்கை ஆட்டினார். ஒட்டகம் மட்டும் ஆடியது.

வக்கச்சன் ஜன்னலில் தலையை விட்டார். "என்ன ஈப்பச்சா, எறங்க மனசில்லையா? உள்ளயே குடியிருக்கப் போறியா?"

"ஒண்ணுமில்ல. லேசா ஒரு பிடிப்பு."

"பொட்டிச் சாவியக் குடு, நான் போய்த் திறக்கிறேன்."

"அதுவும் இதுலதான் இருக்கு."

"கழட்டிக் குடு."

இச்சாயன் வளையத்தைப் பார்த்தார். வக்கச்சனும் பார்த்தார். "வெல்டிங்கா!" என்று அவர் சொன்ன தொனியில் ஒரு வருட சந்தோஷம் இருந்தது.

பேண்ட் செட்காரர்கள் அதே பாட்டை மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார்கள். மேற்கே மேகம் கறுத்து வந்தது. பொன்குரிசு இல்லாமல் பவனி கிளம்பினால், 'ஈப்பச்சன் கைக்காரனா இருந்த வருஷம்' என்று எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சொல்வார்கள். இச்சாயனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பங்குச் சாமியார் வந்தார். இளம் வயது, பொறுமை குறைவு. "கைக்காரரே, மழை வருது. மரக்குரிசை எடுத்துட்டுக் கிளம்பட்டுமா?"

"அஞ்சே நிமிஷம் அச்சா! வளையத்த அறுத்துடலாம்."

"பெருநாளும் அதுவுமா எந்தப் பட்டறை திறந்திருக்கும்?" என்றார் வக்கச்சன். "அப்பக் கடையில கத்தி கெடைக்கும். வாங்கிட்டு வரட்டா?"

நான் இடது பக்க இருக்கையிலிருந்து அவர் பக்கம் சாய்ந்தேன். "விடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இழுப்போம்."

"உடைஞ்சிரும்டி! ஒரிஜினல் மாதிரி கூடு!"

"கூடு வேணுமா, குரிசு வேணுமா?"

இச்சாயன் கண்ணை மூடிக்கொண்டார். இழுத்தோம். 'மளுக்' என்றது. மடிப்பு விட்டுப்போய், தகடு இக்னிஷனிலேயே நின்றது. கூடும் வளையமும் ஒட்டகமும் எங்கள் கையோடு வந்தன. உள்ளிருந்த ஸ்பிரிங் பறந்து சாமியாரின் அங்கியில் விழுந்தது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்த வக்கச்சன், "என்ன ஈப்பச்சா, உள்ள காலியா இருக்கு? பேட்டரி எங்க?" என்றார்.

பதில் சொல்ல ஆள் அங்கே இல்லை. இச்சாயன் வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, பெட்டி இருக்கும் பீடத்துப் பின்னறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். வக்கச்சனும் பின்னால் ஓடினார்.

பொன்குரிசு வெளியே வந்தது. மேகத்துக்கு அடியில் மிச்சமிருந்த வெயில் அதன்மேல் பட்டு மின்னியது. இச்சாயன் அதைத் தூக்குகிறவர் கையில் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றார். காருக்குள் இழந்த உயரம் முழுவதும் திரும்பியிருந்தது. சாமியார் ஜெபம் சொல்லக் கையை உயர்த்தினார். பேண்ட் செட் ஓய்ந்தது. பங்கு முழுவதும் மூச்சடக்கி நின்றது.

கார்க் கதவு இன்னும் 'பே' என்று திறந்து கிடந்தது. பவனிக்கு இடைஞ்சல். நான் இறங்கி, வழக்கம்போல உள்பக்கப் பூட்டுக் குமிழை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்தினேன்.

கதவுச் சத்தம் கேட்டதும் இச்சாயனின் வலது கை, பழக்கத்தில், தோளுக்கு மேல் உயர்ந்தது. கையில் ஒன்றும் இல்லை. 'கீக் கீக்' என்று கேட்டது.

சாவித் தகடு காருக்குள் இருந்தது, கூடு பெட்டிப் பூட்டில் தொங்கியது. சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது.